நோட்டு சரி, பாம்பு வரவில்லை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். இரண்டாங்கட்டில் பந்தி ஓடிக்கொண்டிருந்தது, வளவு என்கிற நடு முற்றத்தில் எங்கள் ஆர்கெஸ்ட்ரா. பிள்ளைகள் கேட்டார்கள் என்று அந்த மகுடி ட்யூனை எடுத்தேன். 1954இல் வந்த 'நாகின்' என்ற இந்திப் படத்தின் ட்யூன். படத்தைப் பார்த்தவர்கள் எங்கள் பக்கம் எத்தனை பேரோ, ட்யூனைத் தெரியாதவர் கிடையாது. திருவிழா மேடையில் நாலு நோட்டு தட்டினால் போதும், கையைப் படமெடுத்துக்கொண்டு ரெண்டு பேர் இறங்கிவிடுவார்கள். அன்றும் இறங்கினார்கள். தூண் ஓரமாக நாற்காலியில் இருந்த வீட்டுப் பெரியவர் மட்டும் அசையவில்லை. முடிந்ததும் கூப்பிட்டார்.

"நோட்டெல்லாம் சரியாத்தான் இருக்கு தம்பி. பாம்புதான் வரல."

அவர் சொன்னது நியாயம். நான் வாசித்தது கீபோர்டிலேயே வரும் ஷெனாய் டோன். ஏதோ ஊதுகிற வாத்தியம்தானே என்று போட்டது. வீட்டுக்கு வந்து, வேறொருவர் கொடுத்து வைத்திருந்த நிஜ மகுடி சாம்பிளைப் போட்டுப் பார்த்தேன். பாம்பாட்டி வாசித்தது, அப்பழுக்கு இல்லாத பதிவு. அதில் பாம்பு இன்னும் தூரம் போய்விட்டது.

காரணம் எளிது. அந்தப் பாட்டில் வருவது மகுடியே அல்ல. படத்துக்கு இசை ஹேமந்த் குமார். மகுடி இசையை வாசித்தவர் பின்னாளில் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி என்ற இரட்டையரில் ஒருவராகப் பெயர் வாங்கிய கல்யாண்ஜி. வாசித்த கருவி கிளாவியோலின். கூடவே ஹேமந்த் குமாரின் உதவியாளர் ரவியின் ஆர்மோனியம். கிளாவியோலின் 1947 வாக்கில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் என்பவர் பிரான்சில் உருவாக்கிய கீபோர்டு, பழைய ரேடியோ மாதிரி வால்வில் ஓடுவது. மூன்று ஸ்தாயிதான், ஒரு நேரத்தில் ஒரு நோட்டுதான் பேசும். பியானோவின் பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டு, முழங்காலால் ஒரு நெம்புகோலைத் தள்ளி ஒலியைக் கூட்டிக் குறைப்பார்கள். 1962இல் இங்கிலாந்தின் டோர்னடோஸ் குழு 'டெல்ஸ்டார்' என்று விண்ணில் விட்ட செயற்கைக்கோளின் பெயரிலேயே ஒரு பாட்டு போட்டது. அதில் முன்னால் நிற்கிற கீச்சுக் குரலும் இதே கிளாவியோலின். லண்டனில் செயற்கைக்கோளாகப் பறந்தது பம்பாயில் பாம்பாக நெளிந்திருக்கிறது.

ஆக, நம் காதில் மகுடி என்று பதிந்து கிடப்பது மகுடியின் நகல். அசலைக் கொண்டுபோய் நீட்டினால் மேடைக்கு அது போலியாகத்தான் தெரியும். பழைய பாட்டுகளின் கீபோர்டு ஒலியைத் திரும்பக் கொண்டுவர உட்காருகிற எல்லாரும் முதலில் சறுக்குவது இங்கேதான். நாம் தேடுவது ஒரு வாத்தியத்தை அல்ல, ஒரு ரெக்கார்டை.

சரி, சிந்தசைசரில் இதை எப்படிக் கட்டுவது? நான் வந்து நின்ற இடத்தைச் சொல்கிறேன். ஒரே ஒரு ஆஸிலேட்டர், அதாவது ஒலி அலையை உண்டாக்கும் பகுதி. பல்ஸ் அலை. அதன் அகலத்தைப் பாதியில் வைத்தால் கிளாரினெட் மாதிரி உள்ளே பொந்து விழுந்த சத்தம் வரும். அதைக் குறுக்கிக்கொண்டே போய்ப் பத்து, பன்னிரண்டு சதவீதத்தில் நிறுத்தினால் மூக்கால் பேச ஆரம்பிக்கும். அந்த மூக்குதான் வேண்டும். அடுத்து, கீழே 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் மேலே 4,000க்கு மேலும் வெட்டிவிட்டு, 1,500 பக்கம் ஒரு சின்ன மேடு கொடுக்க வேண்டும். வைப்ரேட்டோ என்கிற சுதி ஆட்டம் நொடிக்கு ஆறு தடவை, நோட்டு தொடங்கும்போதே கூடவே தொடங்க வேண்டும். மாடர்ன் டோன்களில் வைப்ரேட்டோ கொஞ்சம் தாமதித்து, நாசூக்காக நுழையும். வால்வுக் கருவிக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது, சுவிட்சைப் போட்டால் ஆடும், அவ்வளவுதான். கடைசியாக, வால்வு ஆம்ப்ளிஃபையர் லேசாகக் கிழிகிற மாதிரி ஒரு சிட்டிகை ஓவர்டிரைவ்.

வெலாசிட்டியை அடியோடு நிறுத்திவிட வேண்டும். கட்டையை மெதுவாகத் தொட்டாலும் குத்தினாலும் கிளாவியோலினுக்கு ஒன்றுதான். ஒலியின் ஏற்ற இறக்கம் விரலில் இல்லை, முழங்காலில் இருந்தது. நமக்கு அது எக்ஸ்பிரஷன் பெடல். பெடல் இல்லாமல் இந்த ட்யூனை வாசிக்காதீர்கள். பெடலை மிதித்துக்கொண்டே நோட்டுக்குள் நுழையும்போதுதான் பாம்பு தலையைத் தூக்கும்.

இன்னொன்று விரல். பாம்பாட்டி மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே வாயால் ஊதுவார், ஒலி அறுபடவே அறுபடாது. அதனால் கல்யாண்ஜி கையிலும் நோட்டுக்கு நோட்டு இடைவெளி கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு நோட்டு மட்டும் பேசும் மோனோ மோடு, லெகாட்டோ ஆன், அடுத்த கட்டையை அமுக்கிய பிறகுதான் முந்தைய விரலை எடுப்பது. ஆனால் நோட்டுக்கு நோட்டு தானாக வழுக்க வைக்கும் போர்ட்டமென்டோவைத் தொடவே கூடாது. வழுக்கல் வேண்டுமென்றால் சுதியை ஏற்றி இறக்கும் பென்ட் வீலில் கையால் இழுக்க வேண்டும். ஒரு தடவை போர்ட்டமென்டோவை ஆனில் விட்டுவிட்டு ஒரு திருவிழாவில் இந்த ட்யூனை எடுத்தேன். ஒவ்வொரு நோட்டும் அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போனது. ஆட வந்தவர்கள் ஆம்புலன்ஸுக்கு வழி விடுவது போல ஒதுங்கி நின்று சிரித்தார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஹெட்போனில் கேட்டால் ஒலி அசிங்கமாக இருக்கும். மெல்லிசாக, கிறீச்சென்று, அடிவயிறே இல்லாமல். அங்கேதான் பலர் பயந்துபோய் ரிவர்ப் என்கிற செயற்கை எதிரொலி போடுவார்கள், இன்னொரு ஆஸிலேட்டர் சேர்ப்பார்கள், ஸ்டீரியோவில் விரிப்பார்கள். போச்சு. பழைய பாட்டில் அந்த டோன் தனியாக நின்றதில்லை. கீழே பேஸ், நடுவில் ஆர்மோனியம், பக்கத்தில் டோலக் எல்லாம் ஒரே மோனோ வரியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. மெல்லிசாக இருந்ததால்தான் அதற்கு இடம் கிடைத்தது. இன்றைய கீபோர்டின் தொழிற்சாலை டோன்கள் கடையில் ஒரு கட்டையை அமுக்கிக் கேட்கிற வாடிக்கையாளரை மயக்கச் செய்தவை. தனியாகக் கேட்டால் அரண்மனை, பாட்டுக்குள் போட்டால் நெரிசல். பழைய ஒலியைக் கட்டுவதில் எனக்குத் தெரிந்து பாதி வேலை சேர்ப்பது இல்லை, கழிப்பது.

எதையெல்லாம் கழிக்க வேண்டும் என்பதை அந்த ஒலி நடந்து வந்த பாதை சொல்லும். கருவி, அதன் சொந்த ஸ்பீக்கர், ஸ்டுடியோ மைக், டேப் அல்லது ஃபிலிம், பிறகு இசைத்தட்டு, கடைசியில் கேட்டவர் வீட்டு ரேடியோவோ கோயில் வாசல் குழாய் ஸ்பீக்கரோ. ஒவ்வொரு படியிலும் கீழும் மேலும் கொஞ்சம் உதிர்ந்துகொண்டே வந்திருக்கிறது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் முக்கால்வாசி சினிமாப் பாட்டு முதன்முதலில் காதில் விழுந்தது மரத்தில் கட்டிய குழாய் வழியாகத்தான். அந்தக் குழாயில் பேஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஆனாலும் பாட்டு நெஞ்சில் நின்றதே.

ஒலிப்பதிவு என்பது செட்டிநாட்டுக்கு வெளியூர்ச் சரக்கு இல்லை என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர், சினிமாவுக்கு வரும் முன் கிராமபோன் ரெக்கார்டு வியாபாரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவருடைய ஸ்டுடியோ காரைக்குடி பக்கம் தேவகோட்டை ரஸ்தா என்ற இடத்தில் இருந்தது. 1947இல் வந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். கோடம்பாக்கம் போனதெல்லாம் அப்புறம்.

இனி ஆர்கன். இதில் நடக்கும் தப்பு நேர் எதிர் ரகம். லாரன்ஸ் ஹாமண்ட் 1935இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்கனில் மின்னணு எதுவும் ஒலியை உண்டாக்கவில்லை. உள்ளே 91 பல்சக்கரங்கள் மோட்டாரில் சுழலும், பக்கத்தில் காந்தமும் கம்பிச்சுருளும். கட்டையை அமுக்கினால் ஒன்பது தொடுமுனைகள் ஒட்டும். ஒன்பதும் ஒரே கணத்தில் ஒட்டாது, முடி அளவு முன்பின் ஆகும். அதனால் நோட்டின் தலையில் ஒரு சின்ன 'டிக்' கேட்கும். செய்தவர்கள் அதைப் பெரிய குறையென்று நினைத்து ஒழிக்கப் பார்த்தார்கள், வாசித்தவர்களோ அதில்தான் தாளம் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டார்கள். இன்று ஆர்கன் டோனில் 'கீ கிளிக்' என்று தனியாக ஒரு அளவு இருக்கும். பூஜ்யத்தில் விடாதீர்கள்.

கட்டைக்கு மேலே ஒன்பது டிராபார், இழுத்துத் தள்ளுகிற பட்டைகள். ஒவ்வொன்றையும் எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு அந்த ஹார்மானிக், அதாவது நோட்டோடு கூட ஒலிக்கும் கிளைச் சுரம், சேரும். சமையலில் உப்பு, புளி, காரம் மாதிரி என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆர்கனின் உயிர் அதில்கூட இல்லை, லெஸ்லி ஸ்பீக்கரில் இருக்கிறது. டொனால்ட் லெஸ்லி செய்த மரப்பெட்டி. மேலே ஒரு குழல் சுற்றும், கீழே ஒரு உருளை சுற்றும். ஒலி நம்மை நோக்கி வரும்போது சுதி ஒரு மயிரிழை ஏறும், விலகும்போது இறங்கும். ரயில் கடந்து போகும்போது ஹாரன் மாறுமே, அதேதான். இதில் மெது, வேகம் என்று இரண்டு நிலை. சூட்சுமம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மேல் குழல் லேசானது, ஒரு நொடியில் வேகம் பிடித்துவிடும். கீழ் உருளை கனம், நாலைந்து நொடி எடுத்துக்கொண்டு சோம்பேறித்தனமாக வரும். ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டே வேகத்தை மாற்றினால், இரண்டும் வெவ்வேறு நேரத்தில் எழும்பும்போது ஒலி அலை மாதிரி புரளும். 1967இல் புரோகல் ஹாரம் குழுவின் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்த ஒலிக்குடும்பம் தெரியும்.

நம் ஆட்கள் என்ன செய்கிறோம் என்றால், லெஸ்லியைப் போலச் சுழற்றும் ரோட்டரி எஃபெக்டை வேகத்தில் போட்டுவிட்டு மூன்று மணி நேரக் கச்சேரி முழுக்க அப்படியே விட்டுவிடுகிறோம். மின்விசிறி முன்னால் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. நான் மாடுலேஷன் வீலில் வேகத்தைப் போட்டு வைத்திருக்கிறேன், இடது கை அங்கேயே இருக்கும். வரி முடியும் இடத்தில் மட்டும் தள்ளுவேன், பாடுகிறவர் வாய் திறந்ததும் இறக்கிவிடுவேன்.

எல்லா ஆர்கனும் ஹாமண்ட் இல்லை என்பதும் முக்கியம். அறுபதுகளில் குழுக்கள் தூக்கிக்கொண்டு திரிந்த வாக்ஸ் கான்டினென்டல், ஃபர்ஃபிஸா எல்லாம் டிரான்சிஸ்டர் ஆர்கன்கள். 1964இல் அனிமல்ஸ் குழு பாடிய 'ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்' பாட்டில் கேட்பது வாக்ஸ். ஒல்லி, கூர்மை. அதற்குப் போய் ஹாமண்டையும் லெஸ்லியையும் போட்டால் ஒல்லிப் பையனுக்குப் பட்டு அங்கவஸ்திரம் போர்த்திய மாதிரி ஆகிவிடும். நம் எழுபதுகளின் சினிமாப் பாட்டுகளில் கேட்கிற ஆர்கன்களையும் அப்படித்தான், முதலில் எந்தக் குடும்பம் என்று காதால் பிரித்துவிட்டு டோனில் கை வைக்க வேண்டும்.

எலெக்ட்ரிக் பியானோவிலும் இதே குடும்பக் குழப்பம். ரோட்ஸ் பியானோவில் சுத்தியல் ஒரு மெல்லிய கம்பியைத் தட்டும், கம்பி ஆடுவதைக் காந்தப் பிக்கப் பிடிக்கும். மெதுவாகத் தொட்டால் வெண்ணெய், அழுத்திக் குத்தினால் உறுமல். கிளாவியோலினுக்கு நிறுத்திய வெலாசிட்டியை இங்கே முழுக்கத் திறந்துவிட வேண்டும், இதில் எல்லாமே விரல்தான். 1983இல் யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் வந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்த, ஒரு அலையால் இன்னொரு அலையைக் குலுக்கும் எஃப்.எம். முறை, அலையை உண்டாக்க ஆறு ஆபரேட்டர்கள். அதன் எலெக்ட்ரிக் பியானோ பேட்ச்சில், அதாவது கட்டிச் சேமித்த டோனில், ஒரு ஆபரேட்டர் நோட்டைப் போல 14 மடங்கு அதிர்வில் நின்று இன்னொன்றைக் குலுக்கும். அதனால்தான் தலையில் அந்தக் கண்ணாடி மணிச் சத்தம். செய்தவர்கள் மனதில் இருந்தது ரோட்ஸ், கையில் கிடைத்தது வேறொரு வாத்தியம். எண்பதுகளின் கடைசிப் பாட்டுகளில் உருகி வழிவது இந்த டிஎக்ஸ் வகை மணி. எழுபதுகளின் பாட்டுக்கு அதை வாசிப்பது, வேட்டி கட்ட வேண்டிய காட்சியில் ஜீன்ஸ் போட்டு வருவது மாதிரி. பெரும்பாலான கச்சேரிகளில் அதுதான் நடக்கிறது, நானும் வருஷக்கணக்கில் செய்திருக்கிறேன்.

ஸ்ட்ரிங்ஸ் பற்றி ரெண்டு வரி போதும். எழுபதுகளின் சோலினா மாதிரி ஸ்ட்ரிங் மெஷின்கள் வயலின் கூட்டத்தைப் போலவே இருக்காது, இருக்கவும் வேண்டாம். ஒரே ரம்ப அலையை மூன்று தாமதக் கோடுகளில் விட்டு, மூன்றையும் வேறு வேறு கட்டத்தில் ஆட்டுவார்கள், அந்தப் பட்டுச் சலசலப்பு அங்கிருந்து வருவது. உங்கள் சிந்தில் 'ஆன்சாம்பிள்' என்று எஃபெக்ட் இருந்தால் அதைப் போடுங்கள், சாதாரண கோரஸ் பாதி தூரம்தான் கூட்டிப்போகும். நிஜ வயலின் சாம்பிளை மட்டும் எடுக்காதீர்கள். மகுடிக்குச் சொன்ன கதைதான்.

இனி எங்கள் ஊருக்கே உரிய ஒரு தொந்தரவு, எதிரொலி. செட்டிநாட்டு வீட்டுச் சுவர் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த பூச்சு, கையை வைத்தால் வழுக்கும். தரை ஆத்தங்குடிக் கல். கூடத்தில் பாயும் மெத்தையும் இல்லாத நேரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் நடந்துவிட்டு வரும். வளவில் மட்டும் மேலே வானம், கொஞ்சம் வெளியேறிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் கீபோர்டிலும் ரிவர்ப் போட்டால் கஞ்சிதான். பழைய ஸ்டுடியோக்களிலும் எதிரொலி அறையும் எதிரொலி தரும் இரும்புத் தகடும் இருந்தன, ஆனால் ஒன்றைத்தான் எல்லா வாத்தியத்துக்கும் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். இன்று ஒவ்வொரு டோனும் தன் சொந்த மாளிகையைக் கூடவே சுமந்துகொண்டு வருகிறது. வீட்டுக் கச்சேரி என்றால் எல்லா ரிவர்ப்பையும் அணைத்துவிட்டு, வீட்டைக் கொஞ்சம் வாசிக்க விடுவேன். திறந்தவெளிப் பந்தல் என்றால் மட்டும் ஒன்று, அதுவும் எல்லாருக்கும் பொதுவாக.

மீதி இருப்பது சுதி. பழைய பாட்டைக் கேட்டுக்கொண்டே கூடவே வாசித்தால் எந்தக் கட்டையிலும் சேராது, இரண்டு கட்டைக்கு நடுவில் எங்கோ நிற்கும். ஒலிப்பதிவில் ஒரு மோட்டார், தட்டு வெட்டும்போது ஒரு மோட்டார், பிற்பாடு கடையில் லிஸ்ட் கொடுத்துக் கேசட்டில் பதியும்போது ஒன்று, வீட்டு டேப் ரெக்கார்டரில் ஒன்று. ஒரு கட்டைக்கும் பக்கத்துக் கட்டைக்கும் நடுவே உள்ள அரைக் கட்டைச் சுதியை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். வேகம் ஒரு சதவீதம் மாறினாலே சுதி 17 சென்ட் நகரும், ஆறு சதவீதம் மாறினால் முழுசாக அரைக் கட்டை. அதனால் டோனை ஒப்பிடும்போது முதலில் கீபோர்டின் ட்யூனிங்கைப் பாட்டுக்கு நகர்த்திவிட வேண்டும். சுதி சேராதபோது ஒலியும் சேராத மாதிரியே காது ஏமாற்றும், பேட்ச்சைப் போட்டு மணிக்கணக்கில் நோண்டிக்கொண்டிருப்போம்.

இந்தக் கடைசி விஷயத்தில் எனக்குப் பாடம் எடுத்தவர் மறுபடி அந்தப் பெரியவர்தான். சில மாதம் கழித்து அதே வீட்டுக்கு ஸ்பீக்கர் ஸ்டாண்டு ஒன்றை எடுக்கப் போக வேண்டியிருந்தது. புதுப் பேட்ச்சையும் சின்னக் கீபோர்டையும் கையோடு கொண்டுபோனேன். வளவில் வைத்து வாசித்தேன். இந்தத் தடவை தலை ஆடியது.

"இப்ப பாம்பு வந்துருச்சு. ஆனா அவசரத்துல வந்த மாதிரி இருக்கே."

"ரெக்கார்டுல உள்ள வேகம்தான் ஐயா."

"எந்த ரெக்கார்டு?" என்றவர், "ஆச்சி, மேல் சாவியைக் குடு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

மாடி அறையில் சாவி முறுக்கும் கிராமபோன். அவருடைய அப்பச்சி பர்மாவிலிருந்து கொண்டுவந்ததாம். உறையில்லாத 78 சுற்றுத் தட்டு ஒன்றை வைத்து, ஊசியை இறக்கினார். அந்த ஒலிக்கு 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை, கீழேயும் ஒன்றுமில்லை. நான் நாட்கணக்கில் வெட்டிக் கழித்துக் கொண்டுவந்த இடத்தில் அது சும்மா நின்றுகொண்டிருந்தது. ஆனால் ஸ்பிரிங் கிழடு. முறுக்கு தளரத் தளர தட்டு சோர்ந்தது, மகுடியும் கூடவே இறங்கியது. முடிவுக்கு வரும்போது அரைக் கட்டைக்கும் மேலே குறைந்திருந்தது. சின்ன வயதிலிருந்து அவர் கேட்ட 'நாகின்' அது.

என் கீபோர்டில் பென்ட் வீல் இரண்டு கட்டை இறங்கும். நான் அதை மெதுவாகக் கீழே இழுத்துக்கொண்டே கடைசி வரியை வாசித்துக் காட்டினேன். பெரியவர் கிராமபோன் சாவியை எடுத்து மறுபடி முறுக்கத் தொடங்கினார்.

"இன்னொரு தடவை போடுறேன். கூடவே வாசி, பாப்போம்."